செகண்ட்ஸ் பீஸ் கும்மியடித்த கதை

பத்தொன்பது வருடமாகச் செக்கிங் மேசைக்கு முன்னால் நிற்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து வருகிற பீஸை மேசையில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை, சைடு தையல், அடிமடிப்பு என்று ஒரு ஒழுங்கில் கண்ணை ஓட்டவேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் பிசிறு, விட்டுப்போன தையல், நிறம் மாறின துண்டு. எது பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். சரிசெய்ய முடிந்தது ஆல்ட்ரேஷனுக்குப் போகும். முடியாதது செகண்ட்ஸ். செகண்ட்ஸ் எல்லாம் மூட்டை கட்டிக் காதர்பேட்டைக்குப் போய் வந்த விலைக்கு விற்கும். "நல்ல பீஸை நாம பாக்கறதே இல்ல அம்மிணி" என்று எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்கா சொல்வார். உண்மைதான். குறையில்லாத பீஸ் கையைத் தாண்டிப் போய்விடும், ஞாபகம்கூட இருக்காது. கையில் தங்குவதெல்லாம் குறைதான்.

இந்தக் கண்ணைப் பொழுதோட வேன் ஏறும்போது கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் முகத்துக்கு முன்னால் ஜாக்கெட்டில் கைவெட்டு இழுத்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குத் தெரியும். மகள் புதுச் சுடிதார் போட்டு வந்து நின்றால், "சைடுல ரெண்டு தையல் விட்டிருக்குது பாரு கண்ணு" என்பேன். அவள் பேசாமல் உள்ளே போய்விடுவாள். மற்றவர்களையாவது சில நாள் விட்டுவிடுவேன். கண்ணாடியில் நிற்கிறவளை விட்டதே இல்லை. கழுத்தில் கறுப்பு. கன்னத்தில் மங்கு. கர்ப்பப்பை எடுத்த தழும்பு, அதற்குமேல் சரிந்து நிற்கிற வயிறு. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வருவேன். ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புகிற வயசும் தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு நாற்பத்தெட்டு.

அப்படி இருக்கையில்தான் 2024 தை மாதத்தில் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இரவு ஒருக்களித்துப் படுத்ததால் சுளுக்கியிருக்கும் என்று தைலம் தேய்த்தேன். மாசி போய்ப் பங்குனி வந்தது, வலி போகவில்லை. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பின்பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை. தலை வாரினால் கொண்டை போடக் கை எட்டவில்லை. மகள் கோவையில் விடுதியில் தங்கி பிசியோதெரபி படிக்கிறாள். வீட்டில் இருப்பது நானும் அவரும்தான். காலையில் ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும். வேறு வழியில்லாமல் ஒருநாள், "ஏனுங் மாமா, சித்த இங்க வாங்கோ" என்று கூப்பிட்டேன். தறியை நிறுத்திவிட்டு வந்து கொண்டை போட்டுவிட்டார். வைக்கோல் பிரி முறுக்குவது மாதிரி முறுக்கி, ஊசியைக் குத்தி, "இது பொழுதோட வரைக்கும் நிக்கும் போ புள்ள" என்றார். நின்றது. அன்றைக்கு முழுவதும் எனக்குத் தலைவலியும் கூடவே நின்றது.

மகள் லீவுக்கு வந்தபோது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஃப்ரோசன் ஷோல்டர்ம்மா" என்றாள். தோள் மூட்டைச் சுற்றி ஒரு பை மாதிரி சவ்வு இருக்கிறதாம். அது வீங்கி, தடித்து, சுருங்கிப் போனால் மூட்டு அசைய இடம் இருக்காதாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் உள்ள பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகமாம். "சுகர் பாத்தியா?" என்றாள். பார்க்கவில்லை. பார்த்தோம். இருந்தது. முதலில் வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெதுவாக இளகுவது என்று மூன்று கட்டமாகப் போகும், ஒரு வருடமும் ஆகும், மூன்று வருடமும் ஆகும், அதுவரை பொறுமையாகப் பயிற்சி செய்யவேண்டும் என்றாள். ஆசாரத்துச் (கூடத்துச்) சுவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, விரல்களை எறும்பு ஏறுவது மாதிரி சுவரில் நடத்தி மேலே கொண்டுபோகச் சொன்னாள். விரல் எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள்.

அதே சுவரில்தான் சின்ன வயசில் அவள் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தேன். ஒன்றாவது படிக்கிறபோது, மூன்றாவது படிக்கிறபோது. வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு முழத்தை மட்டும் விடச் சொன்னவள் நான். என் விரல் எட்டின முதல் கோடு, அவளுடைய ஏழாம் வகுப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

தினம் பத்து நிமிடம் செய்யச் சொன்னாள். செய்தேன் என்று சொன்னால் பொய். செய்வேன், கோட்டைப் பார்ப்பேன், நேற்றைக்கு இருந்த இடத்திலேயே நிற்கும். உடனே என் செக்கிங் கண் விழித்துக்கொள்ளும். பாரு, இதுகூட உனக்கு ஏறாது. அதோடு அன்றைய பயிற்சி முடிந்தது. தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சுவர் திருப்பி ஒன்றும் சொல்லாது. சொல்வதெல்லாம் நாம்தான்.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் எங்களையெல்லாம் கேண்டீனில் உட்காரவைத்து, பெண்கள் தங்களைத் தாங்களே நேசிக்கவேண்டும் என்று பேசினார். நல்ல பெண்மணி, குறை சொல்லக் கூடாது. எல்லோரும் செல்போன் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, அதில் தெரிகிற முகத்தைப் பார்த்து, "நான் அழகு, நான் உன்னை நேசிக்கிறேன்" என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த கைமடிக்கிற பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து எனக்கு. மூன்றாம் தடவை சொல்லும்போது நான் என் மூக்குத்தி திருகு கழன்று நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குறை தேடியே பழகின கண்ணிடம் போய் இன்னும் நெருக்கமாகப் பார் என்றால் அது வேறு என்ன செய்யும்?

அப்புறம் மன்றத்துக்குப் போனேன். கொங்கு நாட்டில் மனவளக்கலை மன்றம் இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்கவேண்டும். மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். 1984-இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் கட்டினார். 2006-இல் காலமானார். தறிக்காரர் ஒருவர் சொன்னது என்பதாலேயே எங்கள் வீட்டுக்காரருக்கு அவர்மேல் ஒரு மரியாதை. அந்த எளிய முறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, மகராசனம் என்று வரிசையாக வரும். அதில் எனக்குப் பிடித்தது உடம்பைத் தேய்த்துவிடுகிற பகுதி. உள்ளங்கையால் கையை, காலை, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வரவேண்டும். குளிக்கும்போது சோப்பு போடுவதைத் தவிர என் வயிற்றை நான் வேறெதற்கும் தொட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கடைசியில் கண்ணை மூடி, நல்லபடியாக வாழ்வேன் என்று தனக்குத்தானே வாழ்த்திக்கொள்வது ஒன்று உண்டு. அடுத்தவருக்கு "வாழ்க வளமுடன்" சொல்வது சுலபம். "வாழ்வேன்" என்று எனக்கு நானே சொல்லும்போது தொண்டையில் ஏதோ அடைத்தது. இரண்டு மாதம் போனேன். ஷிப்மென்ட் நெருக்கடி வந்து ஒன்றரை ஷிப்ட் தொடர்ந்து ஓடியதில் நின்றுபோனது. அது மன்றத்தின் குற்றம் இல்லை.

இனிமேல்தான் கும்மி.

எங்கள் ஊர் அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவில். 2025 கோடையில் மாரியம்மன் கோயில் திடலில் வள்ளி கும்மி வகுப்பு ஆரம்பிக்கிறது, ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கொஞ்ச வருடமாக ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் திடலில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதம் போல ராத்திரி ராத்திரி பழகி, ஒரே நிறத்தில் சேலை எடுத்து, ஒருநாள் அரங்கேற்றம் செய்வார்கள். என் அம்மாவுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார். நோம்பிக்கு முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றிக் கும்மி கொட்டுவது என்றைக்கும் உண்டு. ஆனால் சலங்கை கட்டி, வள்ளி கதையைப் பாடி, விடிய விடிய ஆடியதெல்லாம் ஆண்கள். "நாங்க திண்ணையில உக்காந்து பாக்கறதோட சரி" என்பார் அம்மா. அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மியைச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயா. 2024 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. அந்தச் செய்தியில் வந்த படத்தை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் போகிற எண்ணமே இல்லை. கை தூக்க முடியாதவளுக்குக் கும்மி எதற்கு? பக்கத்து வீட்டு நங்கையா, என்னைவிட ஆறு வயசு மூத்தவர், "நீ ஆடாட்டிப் போவுது, தொணைக்கு வந்து உக்காந்துக்கோ" என்று இழுத்துக்கொண்டு போனார். அத்திக்கடவுத் திட்டத்துத் தண்ணீர் வந்து குளம் நிறைந்ததிலிருந்து திடலில் உட்கார்ந்தால் கொசு தூக்கிக்கொண்டு போகிறது. தண்ணீருக்காக இரண்டு தலைமுறை ஏங்கின ஊர், கொசுவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். நின்றவளை வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். ஆக, நான் கும்மிக்குள் வந்தது கொசுவால்.

வாத்தியாருக்கு முப்பது வயசுகூட இருக்காது. காதில் மாட்டுகிற மைக்கோடு நடுவில் நின்று பாடிக்கொண்டே ஆடிக்காட்டுவார். நாங்கள் அறுபது பேருக்குமேல் சுற்றிலும். மூன்றாவது படிக்கிற பிள்ளையிலிருந்து பேரன் எடுத்தவர்கள் வரை. முதல் நாள் அடி இவ்வளவுதான்: வலதுகால் முன்னே, இடதுகால் சேர்த்து, குனிந்து ஒரு தட்டு. இடதுகால் பின்னே, வலதுகால் சேர்த்து, நிமிர்ந்து ஒரு தட்டு. எழுதினால் ஒரு வரி. ஆட நான்கு நாள் ஆனது. காலைப் பார்த்தால் கை நின்றுவிடும். கையைப் பார்த்தால் கால் பக்கத்து அக்காவின் காலை மிதிக்கும். பாட்டைக் கேட்டால் இரண்டுமே நின்றுவிடும்.

நிமிர்ந்து தட்டும்போது கை தலைக்கு மேல் போகவேண்டும். என் வலக்கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. அறுபது ஜோடிக் கை மேலே ஏறும்போது ஒன்று மட்டும் தாழ நின்றால் எப்படித் தெரியும் என்று செக்கிங்காரிக்குச் சொல்லித்தரவேண்டுமா? இரண்டாம் நாள் இடைவேளையில் வாத்தியாரிடம் போய், "எனக்குக் கையி ஏறாதுங்க தம்பி, நான் நின்னுக்கறேனுங்" என்றேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே, "எவ்வளவு ஏறுதோ அவ்வளவு போதுமுங்க்கா. கையி எங்க இருக்குதுன்னு ஆரும் பாக்க மாட்டாங்க. தட்டு நேரத்துக்கு விழோணும், அவ்வளவுதான்" என்றார்.

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வாரம்தான் அது நிஜம் என்று புரிந்தது. உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இல்லை. வட்டம் சுழல ஆரம்பித்துவிட்டால், முன்னால் போகிறவரின் குதிகால், நம் காலடி, காதில் தாளம், வாயில் தன்னானே. இதற்கே ஆள் பத்தாது. பத்தொன்பது வருடமாக ஓயாமல் வேலை பார்த்த என் கண்ணுக்கு முதல்தடவையாக வேலை இல்லாமல் போனது. அதன் வேலையைக் காலும் காதும் எடுத்துக்கொண்டன. ஒருநாள் ராத்திரி, எந்த இடத்தில் என்று தெரியவில்லை, பாதம் மண்ணைத் தொடுவது எனக்குக் கேட்டது. சத்தத்தைச் சொல்லவில்லை. செருப்பில்லாத உள்ளங்காலில் ராத்திரி மண் குளிர்ந்து கிடப்பது, பொடிக்கல் ஒன்று குத்துவது, குதிகால் இறங்கி எடை மெல்ல விரல் பக்கம் நகர்வது. நாள் முழுக்க நிற்கிற கால்தான். அது எப்படி நிற்கிறது என்று அதுவரை கேட்டதில்லை.

மகளிடம் இதைச் சொன்னால் அவளுக்கு ஒரு பெயர் தயாராக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடச் சொன்னால் தொடுகிறோமே, அது எதனால் முடிகிறது? தசையிலும் நரம்பு நாணிலும் மூட்டிலும் இருக்கிற உணர்விகள், எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றனவாம். ப்ரோப்ரியோசெப்ஷன். வாயில் நுழையாத பெயர். கண்ணால் வெளியிலிருந்து பார்ப்பது வேறு, இது உள்ளேயிருந்து தெரிவது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். ஆக்ஸ்போர்டில் படகு வலிக்கிற மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2010-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே இயந்திரத்தில் ஒருநாள் தனித்தனியாகவும் இன்னொரு நாள் எல்லோரும் ஒன்றாகத் தாளம் தப்பாமலும் துடுப்பு வலிக்கவைத்து, முடிந்ததும் பிபி பார்க்கிற பட்டையைக் கையில் இறுக்கி, எந்த அளவில் "வலிக்குது" என்கிறார்கள் என்று குறித்தார்கள். செய்த வேலை ஒன்றுதான். சேர்ந்து துடுப்புப் போட்ட அன்றைக்கு வலி தாங்குகிற அளவு கூடியிருந்தது. மூளையில் சுரக்கிற எண்டார்பினை நேராக அளப்பது கஷ்டம் என்பதால் இப்படிச் சுற்றிவளைத்துக் கணிக்கிறார்கள். 2015-இல் பிரேசில் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்த்தபோது, உடம்பு உழைப்பது ஒரு பங்கு, ஒரே அடியில் சேர்ந்து ஆடுவது தனியாக இன்னொரு பங்கு என்று தெரிந்ததாம்.

எனக்கு இந்தச் சோதனைமேல் நம்பிக்கை வர வேறு காரணம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காத தோள், திடலில் இரண்டு மணி நேரம் தாங்கியது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வலி இருந்தது. அதோடு சண்டை இல்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நெஃப் என்று ஓர் உளவியலாளர். தன்மேல் தானே பரிவு காட்டுவதை 2003-இல் மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார். தன்னிடம் கடுமையாக இல்லாமல் இருப்பது, இருப்பதை உள்ளபடி கவனிப்பது, இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் இல்லை, மனுஷராய்ப் பிறந்த எல்லோருக்கும் உண்டு என்று உணர்வது. முதலிரண்டை யாராவது நம்மை உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது, சொன்னால் வருவதில்லை. இடைவேளையில் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி உட்கார்ந்தபோது வந்தது. நங்கையாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வாத்தியார் மனைவி வயசுள்ள ஒரு பெண், சிசேரியன் ஆகி எட்டு மாதம், தாளத்துக்குக் குதித்தால் சிறுநீர் கசிகிறது என்றாள். சொன்னதும் மூன்று பேர் "எனக்குந்தான்" என்றார்கள். இதை நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் அதுவரை சொன்னதில்லை. ஒரே தெருவில் இருபது வருடம் இருக்கிறோம். மகளிடம் கேட்டுவிட்டு வந்து, இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சியை அடுத்த நாள் அதே குடத்தடியில் சொன்னேன். அவளும் மற்ற மூன்று பேரும் பாட்டு நடக்கும்போதே முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு அதைச் செய்யப் பழகினார்கள்.

இங்கே நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்டத்தில் யார் இருந்தார்கள் என்று சொன்ன நான், யார் இல்லை என்றும் சொல்லவேண்டும்.

என் செக்கிங் மேசைக்கு நேர் எதிர் மேசையில் நிற்கிறவள் எங்கள் ஊர்தான். தெற்குத் தெரு. ஒரே வேனில் வருகிறோம், போகிறோம். பன்னிரண்டு வருடம். ஒருநாள் வேனில், "நீயும் கும்மிக்கு வாயேன் அம்மிணி, கழுத்து வலிக்குதுன்னு சொல்றியே" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எங்களையெல்லாம் ஆருக்கா கூப்புட்டாங்க?" என்றாள். "மைக்ல பொதுவாத்தான சொன்னாங்க" என்றேன். சொல்லும்போதே என் வாய்க்குள்ளேயே அது சப்பென்று போனது. மைக் தெற்குத் தெரு வரைக்கும் கேட்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்பதும் கூப்பிடுவதும் வேறு.

சில ஊர்களில் கும்மி மேடையிலேயே சாதி விட்டுச் சாதி கட்டமாட்டோம் என்று பெண்பிள்ளைகளைக் கை நீட்டி உறுதிமொழி எடுக்கவைத்த காணொளிகள் வந்தன, பத்திரிகையிலும் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ராத்திரி முழுக்கப் பாடுகிற கதை என்ன? வள்ளிக்கிழங்கு எடுத்த குழியில் கிடந்த பிள்ளை. வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்க்கிறான். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், கடைசியில் அண்ணனை யானையாக வரவைத்து அவளைச் சம்மதிக்கவைக்கிறான். தேவசேனாபதியும் குறவர் பெண்ணும். எந்தச் சாதிச் சங்கத்தில் அனுமதி வாங்கினார்கள்? எங்கள் திடலில் அப்படி உறுதிமொழி ஒன்றும் இல்லை. ஆனாலும் தெற்குத் தெருவிலிருந்து ஒருத்தரும் இல்லை. அதை நான் ஒரு மாதம் கவனிக்கவே இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். நூல் பிசிறைக் கண்டுபிடிக்கிற கண் இது.

அரங்கேற்றம் நன்றாக நடந்தது. மாம்பழ மஞ்சளில் சேலை, பச்சைக் கரை. ஒறம்பரை எல்லாம் வந்திருந்தார்கள். இரண்டு இடத்தில் தப்பு விட்டேன். எங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து தறி ஓடுகிற மாதிரி தொடையில் தட்டிக்கொண்டிருந்தார், தாளம் முழுக்கத் தப்பு. அம்மா அழுதார். வேறென்ன, எல்லா அரங்கேற்றமும் போலத்தான்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாலு மணி டீ நேரத்தில், எதிர் மேசைக்காரி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த மொத அடி எப்படிக்கா?" என்று கேட்டாள். பேக்கிங் பக்கத்தில் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே போய்க் காட்டினேன். வலதுகால் முன்னே, சேர்த்து, குனிந்து ஒரு தட்டு. பத்து நிமிடத்தில் டீ ஆறிப்போனது. மறுநாள் கைமடிக்கிற பிள்ளை வந்தாள். அதற்கடுத்த வாரம் ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற இரண்டு பெண்கள். தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும், அதில் இரண்டு "சீக்கிரம்", "ஆல்ட்ரேஷன்". தாளத்துக்கு அது போதும். மைக் இல்லை, பாட்டும் சரியாக ஞாபகம் இல்லை, தெரிந்தவரைக்கும் தன்னானே போட்டு ஒப்பேற்றுவோம். வட்டம் சுற்றுகிற அளவுக்கு இடமும் கிடையாது. பெட்டி வந்து இறங்குகிற நாளில் நீள்வட்டமாகிவிடும். சூப்பர்வைசர் ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி போனார். ஒன்பது பேர் ஆகிவிட்டோம். வாரத்தில் மூன்று நாளாவது நடக்கிறது. கண்டெய்னர் ஏறுகிற நாளில் நடக்காது.

தோள் இன்னும் முழுதாக வரவில்லை. கொண்டை நானே போட்டுக்கொள்கிறேன். சுவரில் கடைசிக் கோடு போட்டது எப்போது என்று போய்ப் பார்த்தேன். ஆடி மாதத்துத் தேதி இருந்தது. மகளின் பத்தாம் வகுப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. அதற்குப் பிறகு போட மறந்திருக்கிறேன்.

இப்போது வட்டத்தில் முன்னால் நிற்பது எதிர் மேசைக்காரிதான். எனக்கு அடி ஞாபகம் இருக்கிறது, அவளுக்குத் தாளம் இருக்கிறது. போன புதன்கிழமை பார்த்தேன், பின்னால் போகிற அடிக்கு அவள் வலதுகாலை முதலில் எடுக்கிறாள். வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இடதுகால். சொல்லலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் பார்த்தால் ஒன்பது பேரும் வலதுகாலைத்தான் எடுக்கிறோம்.